முதல் குத்து சாமிக்கு

'டமார்' என்று ஒரு சத்தம்.

குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தைப் பிடித்தபடியே நின்றார்கள். டீக்கடைக்காரர் ஆற்றுவதற்காகத் தூக்கிய குவளையை இறக்கவில்லை. தெரு முழுக்க இரண்டாவது சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

வெம்பக்கோட்டைச் சாலையோரம் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஒரு சத்தம் என்றால் எங்கோ யாரோ பட்டாசுச் சரக்கைச் சோதித்துப் பார்க்கிறார்கள். இரண்டாவது, மூன்றாவது என்று தொடர்ந்தால் செருப்பைக்கூடத் தேடாமல் ஓட வேண்டும்.

வாசலில் கோலப்பொடி டப்பாவுடன் குனிந்திருந்த சந்தனமாரி நிமிரவில்லை. மனசுக்குள் பத்து எண்ணினாள். இருபது எண்ணினாள். ஒன்றும் வரவில்லை.

தெரு மூச்சு விட்டது. டீ குவளைக்குள் விழுந்தது.

"உங்க ஆலைப் பக்கமால்ல கேட்டுச்சு, அக்கா?" என்றாள் எதிர்வீட்டு லிங்கேஸ்வரி. "ரெண்டு மாசமாப் பூட்டிக் கெடக்குற ஆலையில என்ன சத்தம்?"

"ஆளு இல்லைன்னதும் எலியெல்லாம் தீவாளி கொண்டாடுதோ என்னமோ."

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளே போய்ப் பார்த்தாள். கட்டிலில் கணவர் வீரபாகு இல்லை. வாசல் நிலையில் தொங்கும் சாவிக்கொத்தையும் காணோம். கைபேசியில் அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்க மாட்டார் என்று அவளுக்கே தெரியும். ஆலைக்குள் நுழையும் யாரும் கைபேசியை வாசல் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

வீட்டுக்கும் ஆலைக்கும் நடுவே அரை மைல் சோளக்காடு. வரப்பு வழியாக நடந்தாள். நடந்தாள் என்பதைவிட ஓடாமல் இருக்கப் பாடுபட்டாள் என்பதுதான் சரி.

சோதனைத் திடலின் ஓரத்தில், வேப்பமரத்து நிழலில் வீரபாகு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முன்னால் பூச்சட்டி என்று அவர்கள் சொல்லும் புஸ்வாணம் ஒன்று பக்கவாட்டில் பிளந்து கிடந்தது. கந்தக வாடை இன்னும் கலையவில்லை.

"காப்பி கொண்டாந்தியா?" என்றார்.

சந்தனமாரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கை இருந்தது, கால் இருந்தது, கண் இரண்டும் இருந்தன.

"ஒரு பக்கப் புருவத்தை எங்க வச்சீக?"

அவர் நெற்றியைத் தடவினார். கருகிய முடி விரலோடு வந்தது.

"அஞ்சு கொளுத்துனேன் மாரி. மூணு நல்லா பூத்துச்சு. நாலாவது சீறிட்டுச் சாஞ்சுருச்சு. அஞ்சாவது வெடிச்சுருச்சு."

"பூச்சட்டி வெடிக்கலாமா?"

"வெடிக்கலாமாங்கிறா. அதைத்தானே நானும் யோசிச்சுக்கிட்டு உக்காந்துருக்கேன்."

அன்று பிற்பகல் மூன்று மணிக்குச் சோதனைக் குழு வருகிறது. அதுதான் வீரபாகுவைக் கோழி கூவுமுன் எழுப்பி இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தது.

இரண்டு மாதங்களுக்கு முன் இதே குழு வந்தபோது அவர்களுடைய கிளி மார்க் பூச்சட்டிக்குள் பச்சை உப்பு இருப்பதைக் கருவி காட்டிக் கொடுத்தது. பேரியம் என்று படித்தவர்கள் சொல்லும் அந்த உப்பு, பூச்சட்டியை ஆள் உயரத்துக்குத் தூக்கிப் பச்சைப் பசேலென்று பூக்க வைக்கும். புகையோடு மூச்சில் இறங்கி நெஞ்சைக் கெடுக்கும் என்பதால்தான் அதைத் தடை செய்தார்கள். பசுமைப் பட்டாசு மட்டுமே செய்வோம் என்று எழுதிக் கொடுத்த பிறகும் உப்பு எப்படி உள்ளே வந்தது? ஸ்டோர் சாவி இருந்தது போர்மேனிடம். போர்மேன் வேறு யாருமல்ல, வீரபாகுவின் கூடப் பிறந்த தம்பி தவசிலிங்கம்.

"கூட இருந்தே குழி பறிச்சுட்டான்" என்று எண்பது வேலையாட்களுக்கு முன்னால் வீரபாகு சொன்னார். தவசி ஒரு வார்த்தை பேசவில்லை. சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனவன்தான், இன்னும் திரும்பவில்லை.

ஆலைக்கு முத்திரை வைத்தார்கள். இப்போது ஒரே ஓர் அறையில், நான்கு பேரை வைத்து, மாதிரிச் சரக்கு மட்டும் செய்ய அனுமதி கிடைத்திருந்தது. இன்று தேறினால் கதவு திறக்கும். தேறாவிட்டால் இந்தத் தீபாவளி இல்லை. எண்பது குடும்பத்துக்கும் இல்லை.

"மூணு மணிக்குள்ள இது ஏன் வெடிக்குதுன்னு தெரிஞ்சாகணும்" என்றார் வீரபாகு. "எனக்கு விக்கத் தெரியும். மருந்தோட நாடி பாக்கத் தெரியாது."

"தெரிஞ்ச ஆளு திருத்தங்கல்ல இருக்காரு."

வீரபாகு வேப்பமரத்தைப் பார்த்தார். "அவன் பேச்சை எடுக்காத."

"நான் பேச்சை எடுக்கலை. இந்தச் சட்டியத்தான் எடுத்துட்டுப் போறேன்."

பிளந்த பூச்சட்டிக் கூட்டைத் தட்டி ஆறவைத்து, முந்தானையில் முடிந்துகொண்டாள். அவர் தடுக்கவில்லை. தடுக்காததே பெரிய சம்மதம் என்று இருபத்து மூன்று வருடக் குடித்தனத்தில் அவளுக்குத் தெரியும்.

*

தவசிலிங்கம் அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான். மனைவி அச்சகத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். நறுக்கிய துண்டுகள் எல்லாம் அளந்து வெட்டியதுபோல ஒரே நீளம்.

"என்ன கொழுந்தனாரே, பென்சில் வெடிக்குத் துண்டு போடுறீகளா?"

"வாங்க மதினி." கத்தியை வைத்துவிட்டு எழுந்தான். "வீட்டுல இருக்கவன் சமைக்கணும்னு புதுச் சட்டம். மீறுனா முத்திரை வச்சிருவாளாம்."

சிரித்தவனுக்கு இருமல் வந்தது. சின்ன இருமல் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினான். பிறகு, கண்ணாடி அலமாரியிலிருந்து நீலநிற இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்து இழுத்தான். பழகிய கை.

சந்தனமாரி எதற்காக வந்தோம் என்பதையே ஒரு நிமிடம் மறந்துபோனாள்.

"இது எப்போருந்து?"

"அது கெடக்கட்டும். உக்காருங்க."

"தம்பி. எப்போருந்து?"

அவன் இன்ஹேலரைச் சட்டைப் பையில் போட்டான். "ஆறேழு மாசமா. மதுரையில போயிப் பாத்தேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளக்குல காட்டி, பீடி குடிப்பீங்களான்னு கேட்டாரு. இல்ல சார், பூச்சட்டி குடிப்பேன்னு சொன்னேன். அந்தாளுக்குச் சிரிப்பே வரல."

அவளுக்கும் வரவில்லை.

"தெனமும் சாயந்தரம் ஒவ்வொரு கலவையிலயும் நாலு கொளுத்திப் பாப்போம்ல. இருபத்திரண்டு வருசம். நெறம் சரியாயிருக்கான்னு கிட்டத்துல நின்னு பாத்தாத்தானே தெரியும்? வருசத்துக்கு ஒரு நாள் கொளுத்துறவுகளுக்கே கண்ணு எரியுது, இழுப்பு வருதுங்காக. எனக்கு வருசம் பூராவும் தீவாளி. அந்தப் பொடியெல்லாம் நெஞ்சோட அடியில போயி உக்காந்துக்கிருமாம். எறங்குன பொடியை எடுக்க முடியாது, இனிமே எறங்காமப் பாத்துக்கங்கன்னுட்டாரு."

"அண்ணன்கிட்ட சொல்லலையா?"

"சொன்னா என்ன செய்வாரு? ஒடனே ஆலைய மூடுவாரா? மனசுதான் கெடக்கும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "வெளிய வந்ததும் ஒரு வகையில நல்லதாத்தான் போச்சு மதினி."

கோபத்தில் பேசுகிறான் என்று நினைத்தாள். பேச்சை வளர்க்காமல் முந்தானை முடிச்சை அவிழ்த்து, பிளந்த கூட்டை மேசைமேல் வைத்தாள்.

தவசியின் முகம் மாறியது. இரண்டு மாதமாக அவனைச் சுற்றியிருந்த வெண்டைக்காயும் அடுப்பும் எங்கோ விலகிப்போயின. கூட்டைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினான். கருகிய ஓரத்தை நகத்தால் சுரண்டினான். காகிதக் கூம்பின் ஒட்டு விட்டுப்போன இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான்.

"மருந்து சரியாத்தான் இருக்கு. கூம்புதான் ஒட்டு விட்டுருக்கு. தீ மேல போகாம பக்கவாட்டுல எறங்கி, மொத்தமும் ஒரே நேரத்துல பத்திக்கிருச்சு. மருந்தைக் கட்டையால இடிச்சப்ப எத்தனை குத்து?"

"எட்டு. பசுமைப் பட்டாசுப் பயிற்சியில குடுத்த தாள்ல எட்டுன்னுதான் போட்டுருக்கு."

"தாள்ல எட்டு. கையில எத்தனை?"

"எட்டுத்தான். உங்க அண்ணன் எதுக்கவே நின்னு பாத்தாக."

"குத்துறது குருவம்மா அக்காதானே?"

"ஆமா."

தவசி கூட்டை மேசைமேல் வைத்துவிட்டு அவளையே பார்த்தான். "சாமி குத்து?"

"அதை யாரு எண்ணுனா?" என்றாள் சந்தனமாரி.

கிளி மார்க் ஆலையில் மாமனார் காலத்திலிருந்தே ஒரு வழக்கம். கூம்பில் மருந்தைப் போட்டுக் கட்டையால் இடிக்கும்போது முதல் குத்து சாமிக்கு. அது கணக்கில் சேராது. கையில் இருக்கும் பலம் முழுவதும் சேர்த்து, 'மாரியாத்தா' என்று வாய்க்குள் சொல்லி ஓங்கி இறக்குவார்கள். அதன் பிறகுதான் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். பன்னிரண்டு என்று சொன்னால் பதின்மூன்று விழும். எட்டு என்றால் ஒன்பது.

"பழைய மருந்து மாவு மாதிரி. எத்தனை குத்து குத்துனாலும் அமுங்கிக்கிரும்" என்றான் தவசி. "இதுல புகைய அமுக்குறதுக்கு ஒரு பொடி சேக்குறோம்ல, அது நெறுநெறுன்னு மணல் மாதிரி இருக்கும். அமுங்காது. ஓங்கிக் குத்துனா வெளிப்பக்கமாத் தள்ளி ஒட்டைப் பிரிச்சு விட்டுரும். சாமி குத்து வேண்டாம், எட்டே எட்டு, எல்லாம் ஒரே பதமா. அம்புட்டுத்தான் மதினி."

"நீங்களே வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டா..."

"நான் அந்த வாசலை மிதிக்கல." சொன்ன குரலில் சூடு இல்லை. அதனாலேயே அவளால் மேற்கொண்டு கெஞ்ச முடியவில்லை.

*

"சாமிக்குப் போடாமலா?" என்றாள் குருவம்மா.

ரப்பர் விரிப்பில் நால்வரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். காலையில் கலந்த மருந்து தயாராக இருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. செய்து வைத்திருந்த பெட்டிகள் அத்தனையையும் வீரபாகு தண்ணீரில் போடச் சொல்லிவிட்டார். புதிதாக ஐந்து பெட்டி வேண்டும்.

"தவசிதான் சொன்னாரு அக்கா. இந்த மருந்துக்கு அது ஆகாதாம்."

"மருந்துக்கு ஆகாட்டிப் போகுது. எனக்கு ஆகணுமில்ல? முப்பது வருசமா இந்தக் கை முழுசா இருக்குன்னா எதுனால இருக்கு? மேலத்தெரு ராசம்மா மகளுக்கு இருக்கா?"

மற்ற மூவரும் கட்டையைத் தொடவில்லை. வாசலில் நின்ற வீரபாகு, "ஏத்தா, படிச்சவுக எழுதிக் குடுத்த கணக்கு..." என்று ஆரம்பித்தார். சந்தனமாரி கையைக் காட்டி நிறுத்தினாள். கணக்குச் சொல்லிக் கேட்கிற இடம் இல்லை இது. அவளும் கல்யாணமான புதிதில் இதே விரிப்பில் உட்கார்ந்து இடித்தவள்தான். சாமி குத்தை விட்டுவிட்டு அவளாலும் முதல் கூம்பைத் தொட முடியாது.

உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்க, வாசலில் பதித்த செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே வந்து, குருவம்மா பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"சாமிக்குப் போடாதன்னு நான் சொல்லலையே அக்கா. சாமிக்குப் போட்டதை எண்ணிக்கோன்னுதான் சொல்றேன். மாரியாத்தான்னு சொல்லி ஒண்ணு. அப்புறம் ஏழு."

"கணக்குல சேத்தா அது சாமிக்குப் போட்டதாகுமா?"

"வீட்டுல பொங்குன சோத்துல இருந்துதானே படையல் வைக்கிறோம்? சாமிக்குன்னு தனி உலையா வைக்கிறோம்?"

குருவம்மா யோசித்தாள்.

"ஓங்கிப் போடக் கூடாதுங்கிறியே."

"ஆத்தாளுக்குக் காது நல்லாத்தான் கேக்கும்."

மூலையில் இருந்த ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். குருவம்மா அவளை முறைத்துவிட்டுக் கட்டையை எடுத்தாள். உதடு அசைந்தது. கட்டை மெதுவாக, ஒரு குழந்தையின் முதுகைத் தட்டுவதுபோல இறங்கியது.

"ஒண்ணு" என்றாள் சத்தமாக.

*

மூன்று மணிக்கு ஜீப் வந்தது. ஒரு அம்மாளும் இரண்டு ஆட்களும். அந்த அம்மாள் ஐந்து பெட்டிகளில் தானே ஒரு பெட்டியை எடுத்தார். அதிலிருந்து ஒரு பூச்சட்டியை உடைத்துக் கொட்டி, துப்பாக்கி மாதிரி இருந்த கருவியை அதன்மேல் பிடித்தார். கருவி கொஞ்ச நேரம் யோசித்தது. அவர் ஒரு தாளில் எதையோ எழுதினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு, திடலில் காற்றை உறிஞ்சும் பெட்டியை வைத்தார்கள். சத்தம் அளக்கும் கருவியை நான்கு மீட்டர் தள்ளி முக்காலியில் நிறுத்தினார்கள்.

முதல் பூச்சட்டி பற்றியது. சந்தனமாரி கண்ணைப் பூச்சட்டியில் வைக்காமல் முக்காலியில் வைத்துக்கொண்டாள்.

'புஸ்ஸ்ஸ்' என்று பொன்நிறத்தில் எழுந்தது. இடுப்பு உயரம். பூத்தது, தணிந்தது, அடங்கியது. இரண்டாவது. மூன்றாவது. நான்காவதில் திரி கொஞ்சம் தயங்கியது. வீரபாகுவின் கை அவள் கையைப் பிடித்தது. ஊர் பார்க்க அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை. திரி பிடித்துக்கொண்டது. பூத்தது. ஐந்தாவதும் பூத்தது.

எதுவும் வெடிக்கவில்லை.

"பசுமைன்னா புகையே வராதுன்னு ஊருல நெனைக்கிறாங்க மேடம்" என்றார் வீரபாகு. பதற்றத்தில் அவருக்குப் பேச்சு வரும்.

"வரும். பழையதைவிட மூணுல ஒரு பங்காவது குறையணும். உங்களது குறைஞ்சிருக்கு."

"மிச்சம் ரெண்டு பங்கு?"

"அது நம்ம மூச்சுக்குள்ளதான் போகுது" என்றார் அந்த அம்மாள், கருவியைத் துடைத்தபடி. "அதனால தள்ளி நில்லுங்க."

அவர் தாளைக் கிழித்து நீட்டினார். பச்சை உப்பு இல்லை. சத்தம் அளவுக்குள். புகை அளவுக்குள். திங்கட்கிழமை முத்திரையை எடுத்துவிடலாம்.

"ஒண்ணே ஒண்ணு. பதிவான போர்மேன் வந்து பொறுப்பேத்துக் கையெழுத்துப் போடணும். உங்க பதிவுல தவசிலிங்கம்னு இருக்கு. அவர் எங்க?"

வீரபாகு வாயைத் திறக்குமுன் சந்தனமாரி சொன்னாள். "திங்கக்கிழமை வந்துருவாரு மேடம்."

ஜீப் போனது. குருவம்மா அறைவாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மற்ற மூவரும் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். யாரோ தொலைபேசிக்கு ஓடினார்கள். இன்னும் கால்மணி நேரத்தில் எண்பது வீட்டுக்கும் செய்தி போய்விடும்.

வீரபாகு மட்டும் அணைந்த பூச்சட்டிகளைக் காலால் நெருடிக்கொண்டு நின்றார். "இடுப்பு உயரந்தான் மாரி. வேலூர்க் கடைக்காரன் பாத்தா, இது பூச்சட்டியா, சாம்பிராணியான்னு கேப்பான்."

"கேக்கட்டும். ஏன் வெடிச்சுச்சுன்னு கேக்க மாட்டான்ல."

அப்போதுதான் அவர் கேட்டுக்கு வெளியே பார்த்தார். சாலைக்கு அந்தப் பக்கம், காற்று வீசி வரும் திசையில், கருவேல மரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தவசி நின்றிருந்தான். மூக்கை மூடிக் கைக்குட்டை கட்டியிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ.

வீரபாகு பார்த்துக்கொண்டே நின்றார். போவதற்கு ஒரு அடி எடுத்து வைத்தவர், ஏனோ நின்றுவிட்டார்.

"நீ போயிச் சொல்லு மாரி. நடந்ததை நான் மறந்துட்டேன்னு சொல்லு. மன்னிச்சுட்டேன்னு சொல்லு. திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போடட்டும்."

"நீங்களே சொன்னா என்ன?"

"நீ சொன்னாக் கேப்பான்." அவர் திரும்பி வேப்பமரத்தை நோக்கி நடந்தார்.

சந்தனமாரி சாலையைக் கடந்தாள். மனசு லேசாக இருந்தது. இரண்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் இன்று ஆலை, உறவு இரண்டும் சரியாகப் போகிறது என்று தோன்றியது.

"அஞ்சும் பூத்துச்சு கொழுந்தனாரே."

"பாத்தேன்." கைக்குட்டைக்கு மேலே கண் சிரித்தது. "நாலாவதுல திரி ஈரம். குருவம்மா அக்காகிட்ட சொல்லுங்க."

"நீங்களே வந்து சொல்லுங்க. உங்க அண்ணன் மன்னிச்சுட்டாகளாம். எல்லாத்தையும் மறந்துட்டாகளாம். திங்கக்கிழமை நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் கதவு தெறக்கும்."

தவசி சைக்கிள் மணியைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"இன்னும் கோவமா தம்பி?"

அவன் கைக்குட்டையை இறக்கினான். திடலைத் தாண்டி, வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டி நின்ற அண்ணனைப் பார்த்தான்.

"கோவம் எதுக்கு மதினி? கலவை போட்ட அன்னைக்கு ஸ்டோர் சாவியை எங்கிட்ட வாங்கிட்டுப் போனதே அவருதானே. அந்தப் பச்சை உப்பைக் கலந்தது அண்ணன்தான்னு எனக்கு அன்னைக்கே தெரியுமே."